ஷின்சான் அப்பாவின் ஷூ

பிழைப்பு தேடி ஊரை விட்டு வந்த ஒரு ஜப்பானியக் குடும்பம் டி.வி.யில் தமிழ் பேசுகிறது. பெங்களூரு ஸ்ரீராம்புரத்து அப்பாக்களும் அம்மாக்களும் அதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏன் பார்க்க வேண்டும்?

ஷின்சான் பார்க்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரு செய்தியைத் தவறாமல் சொல்லும்: அவன் அப்பாவின் சாக்ஸ் நாறும். வேலை முடிந்து வந்து அவர் ஷூவைக் கழற்றினால் வீடே மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஐந்து வயது ஷின்சான் அலறுவான். கைக்குழந்தை ஹிமாவாரிகூட முகம் சுளிக்கும். ஜப்பானின் டிவி அசாஹி 1992 ஏப்ரலில் ஒளிபரப்பத் தொடங்கிய இந்தக் குடும்ப நகைச்சுவைத் தொடரில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஜோக் பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை.

அந்த ஜோக்கை வைத்தே ஒரு முறை பார்ப்பவர்களை அழவைத்தார்கள். 2001 ஏப்ரலில் கெய்ச்சி ஹாரா இயக்கத்தில் வந்த ஷின்சான் திரைப்படம் அது. ஊருக்குப் பக்கத்தில் ‘20ஆம் நூற்றாண்டுக் கண்காட்சி’ என்று ஒன்றைத் திறக்கிறார்கள். பெரியவர்கள் சின்ன வயதில் பார்த்த டி.வி. நிகழ்ச்சிகள், நடந்த தெருக்கள், ஆசைப்பட்ட பொருட்கள் எல்லாம் அங்கே அப்படியே இருக்கின்றன. போனவர்கள் மயங்கிப்போகிறார்கள். வேலை மறக்கிறது, சமையல் மறக்கிறது. பிள்ளை கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. ஒரு நாள் காலையில் வண்டிகள் வருகின்றன. ஊரிலிருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் மட்டும் தெருவில் நிற்கிறார்கள்.

ஷின்சான் தேடிக்கொண்டு போகிறான். அங்கே அவன் அப்பா சிறுவனாகிவிட்டிருக்கிறார். 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியின் அமெரிக்க அரங்கில் நிலாவிலிருந்து கொண்டுவந்த கல்லை வைத்திருந்தார்கள். வரிசை நீளமாக இருந்ததால் அதைப் பார்க்க முடியாமல் போன ஏக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அடம்பிடித்து அழுகிறார். எதிரில் நிற்கும் சொந்த மகனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஷின்சான் அவருடைய ஷூவைக் கழற்றுகிறான். அதை அவர் மூக்கிலேயே வைத்து அழுத்துகிறான்.

அடுத்த சில நிமிடங்களுக்கு வசனமே கிடையாது. தன் அப்பா ஓட்டும் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகிற சின்னப் பையன். பிறகு பள்ளிக்கூடம், காதல் தோல்வி, வேலைக்காக டோக்கியோவுக்குப் புறப்படுதல். மேலதிகாரியிடம் திட்டு வாங்கும் புது ஆள். கல்யாணம். ஆஸ்பத்திரியில் கையில் வாங்கிய மகன். வெயிலில் வேர்க்க வேர்க்க அலையும் விற்பனை வேலை. எல்லோரும் தூங்கும் நேரத்தில் வந்து சேரும் வீடு. கடைசியில் அவர் சைக்கிளை மிதிக்கிறார், பின்னால் அவர் மகன். கண் திறக்கும்போது அவர் தேம்பிக்கொண்டிருக்கிறார். அந்த அழுகைக்குக் குரல் கொடுத்த கெய்ஜி ஃபுஜிவாரா 2020 ஏப்ரலில் காலமானார்.

அந்தக் கால் ஏன் நாறுகிறது? குடும்பத்துக்காக நாள் முழுக்க நடந்த கால் அது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் அப்பாவின் உழைப்பு புரிகிறது. கார்ட்டூன் என்று நாம் தள்ளிவைக்கும் ஒன்றில், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருப்பதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

மில் சங்கு கேட்ட தெருக்கள்

இதை ஸ்ரீராம்புரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரு மெஜஸ்டிக்குக்கு வடமேற்கே, ஓகளிபுரத்துக்கும் மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜி நகருக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெருக்கள். ராஜா மில், மினர்வா மில், பின்னி மில் என்று பஞ்சாலைகளின் சங்குக்கு எழுந்து வேலைக்குப் போன குடும்பங்களின் வட்டாரம் இது. தமிழ் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பல தலைமுறைகளாக இங்கே நிறைந்திருக்கிறார்கள். மில்கள் மூடின. ராஜா மில் இருந்த இடத்தில் 2010 முதல் மந்திரி மால் நிற்கிறது. 2014 மார்ச் முதல் ஸ்ரீராம்புரம் என்ற பெயரிலேயே ஒரு மெட்ரோ நிலையமும் இருக்கிறது. மில் தொழிலாளியின் பேரன் இன்று ஆட்டோ ஓட்டுகிறான், பெயின்ட் அடிக்கிறான், உணவு டெலிவரிக்குப் போகிறான். வீட்டுப் பெண்கள் கார்மென்ட்ஸுக்கும் பக்கத்துப் பேட்டைகளில் வீட்டு வேலைக்கும் போகிறார்கள்.

அவர்கள் வீடு திரும்பும்போது அவர்களோடு ஒரு வாசனையும் வருகிறது. டர்பன்டைன், பெட்ரோல், கிரீஸ், வியர்வை. இந்தத் தெருப் பிள்ளைகளும் ஷின்சானைப் போலத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

ஷின்சான் குடும்பத்தின் பூர்வீகம் நம் ஊரில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று. இந்திய ஒளிபரப்பில் அப்பாவுக்கு ஹாரி என்றும் அம்மாவுக்கு மிட்சி என்றும் பெயர். ஜப்பானிய மூலத்தில் ஹிரோஷி, மிசாயே. அப்பா வடக்கே அகிதாவிலிருந்து வந்தவர். அம்மா தெற்கே குமமோட்டோக்காரி. பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்து, அங்கே வீடு கட்டுப்படியாகாமல், கசுகாபே என்ற புறநகரில் கடனில் வீடு வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக் கடன் இன்னும் 32 வருடம் பாக்கி என்பது தொடரில் திரும்பத் திரும்ப வரும் புலம்பல். இரண்டு பக்கத் தாத்தாக்களும் ஊரிலிருந்து வந்தால் தங்கள் வட்டார வழக்கில் பேசிச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

போகியத்துக்கு வீடு பிடித்து, சீட்டுப் பணத்தில் அட்வான்ஸ் கட்டி, கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்குக் கூடத்தில் பாய் விரிக்கும் ஒரு குடும்பத்துக்கு இதில் எது அந்நியம்? பெயர்களையும் சோற்றுக் கிண்ணத்தையும் தவிர்த்துப் பார்த்தால் கசுகாபே வெகு தொலைவில் இல்லை.

தடை வந்த ஆண்டு

2006இல் ஹங்காமா டி.வி. வழியாக ஷின்சான் இந்தியாவுக்கு வந்தான். இரண்டே வருடத்தில் வம்பு வந்தது. பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகிறார்கள், பெண்களிடம் அசிங்கமாகப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பெற்றோர் புகார் செய்தார்கள். 2008 அக்டோபரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டு நிறுத்தியது. 2009இல் வெட்டுகளோடு தொடர் திரும்பியது. ஜப்பானிலும் இதே கதைதான். அங்குள்ள பெற்றோர்-ஆசிரியர் சங்கம் நடத்திய கருத்துக் கணிப்புகளில், பிள்ளைகள் பார்க்கக் கூடாத நிகழ்ச்சிகளின் வரிசையில் ஷின்சான் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தான்.

அந்தப் புகாரை நான் உதறித் தள்ள மாட்டேன். யோஷிதோ உசுய் 1990இல் இதை வரையத் தொடங்கியது பெரியவர்கள் வாசிக்கும் ஒரு வார இதழில். ஐந்து வயதுப் பையனின் வாயில் பெரியவர்களின் குறும்பு வைக்கப்பட்டதற்கு அதுதான் காரணம். தெருவில் போகிற பெண்களிடம் அவன் பேசும் பேச்சு நம் வீட்டுப் பிள்ளை பேசினால் நமக்குப் பொறுக்காது. அம்மா மிட்சி கோபம் வந்தால் அவன் தலையில் குட்டுவார், அங்கே ஒரு புடைப்பு எழும்பும், பிள்ளைகள் சிரிக்கும். அடிவாங்குவது சிரிப்பதற்குரியதல்ல என்று யாராவது அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். தொடர் அதைச் சொல்லாது.

ஆனால் புகார் கொடுத்த பெற்றோர் கேட்டது தடை. கேட்க வேண்டியிருந்தது ஒரு நாற்காலி. பிள்ளைக்குப் பக்கத்தில் தாங்கள் உட்காருவதற்கு.

இதைப் பலர் முன்பே யோசித்திருக்கிறார்கள். 1969 நவம்பரில் அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கியபோது, பொம்மைகளுக்கு நடுவே பிரபலமான பாடகர்களையும் நடிகர்களையும் கொண்டுவந்தார்கள், பெரியவர்களுக்கு மட்டும் புரிகிற கேலியைச் சேர்த்தார்கள். அம்மாவும் அப்பாவும் எழுந்து போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. பெரியவர் பக்கத்திலிருந்து பேசிக்கொண்டே பார்த்தால்தான் குழந்தைக்கு அதிகம் போய்ச் சேரும் என்று அவர்கள் நம்பினார்கள். ஜப்பானில் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘சசாயே சான்’ இன்னும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஓடுகிறது. உலகிலேயே நீண்ட காலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸில் இடம்பெற்றது. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் கூட்டுக் குடும்பத்தின் கதை அது. பார்ப்பதும் அப்படிக் குடும்பமாகச் சேர்ந்துதான்.

ஸ்ரீராம்புரத்தில் இதற்கு யாரும் திட்டம் போடவில்லை. ஒரே அறை, ஒரே டி.வி. அப்பா சாப்பிடுவதும் அம்மா கீரை ஆய்வதும் பிள்ளை கார்ட்டூன் பார்ப்பதும் அந்த அறையில்தான். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எல்லோருக்கும் எல்லாம் காதில் விழுந்தது. வீட்டின் நெருக்கடியே பெற்றோரையும் பிள்ளையையும் ஒரு கதைக்கு முன்னால் உட்காரவைத்தது.

எந்த மொழியில் சிரிப்பது?

பெங்களூருத் தமிழ் வீடுகளில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. இது சென்னையிலோ மதுரையிலோ தோன்றாத விஷயம்.

இந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறது. தெருவில் கன்னடத்தில் விளையாடுகிறது. அது வாழும் மண்ணின் மொழி கன்னடம், அதை நன்றாகக் கற்பதில் அதற்கு எல்லா நன்மையும் இருக்கிறது. தமிழ் எழுத்துகள் மட்டும் பல பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகின்றன. தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தை நேரில் பார்த்த தலைமுறை இங்கே இன்னும் இருக்கிறது. தமிழ் பல வீடுகளில் வாசற்படிக்கு உள்ளேயே சுருங்கியதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

இதனால் வீட்டுக்குள் ஒரு தலைகீழ் மாற்றம் நடக்கிறது. தமிழ் மட்டும் படித்த, அல்லது பள்ளிக்கே போகாத அப்பாவால் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் கை வைக்க முடியாது. பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கையைப் பிள்ளைதான் படித்துச் சொல்கிறது. மின்கட்டண ரசீதை, வங்கிப் படிவத்தை, ஆஸ்பத்திரிச் சீட்டை எட்டு வயதுப் பிள்ளை அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறது. பிள்ளைக்கு முன்னால் எதுவும் தெரியாதவராக நிற்பது ஒரு தகப்பனுக்கு எவ்வளவு வலிக்கும் என்பது அப்படி நின்றவர்களுக்குத் தெரியும். அந்த வலி சில நேரம் கோபமாக வெளிவருகிறது, சில நேரம் பேச்சே நின்றுபோகிறது.

சன் குழுமம் 2007 ஏப்ரலில் சுட்டி டி.வி.யைத் தொடங்கியது. 2009இல் கன்னடத்தில் சிண்டு டி.வி. வந்தது. ஹங்காமா ஷின்சானைத் தமிழில் பேசவைத்தது. ஸ்ரீராம்புரத்து கேபிளில் எல்லாம் கிடைக்கும். தமிழில் பேசும் கார்ட்டூனுக்கு முன்னால் அப்பாவுக்குப் பள்ளிப்படிப்பு தேவையில்லை. பிள்ளைக்குப் புரியும் ஜோக் அவருக்கும் புரிகிறது, சில ஜோக்குகள் அவருக்குத்தான் முதலில் புரிகின்றன. வீட்டுக் கடனைப் பற்றி ஹாரி புலம்பும்போது வயிறு குலுங்கச் சிரிப்பது பிள்ளையல்ல, அப்பா. ஏன் சிரிக்கிறாய் என்று பிள்ளை கேட்கிறது. கடன் என்றால் என்ன, தவணை என்றால் என்ன என்று அவர் சொல்கிறார். அந்த நேரத்தில் அவர் மறுபடி விஷயம் தெரிந்தவராகிறார்.

மொழி தெரியாத கார்ட்டூனுக்கு இந்தச் சக்தி கிடையாது. 2013இல் வங்கதேசம் இந்தியில் பேசிய டோரேமான் கார்ட்டூனை நிறுத்தியது, பிள்ளைகள் வங்காளத்தை விட்டுவிட்டு இந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்ற கவலையில். பக்கத்து வீட்டுக் கன்னடப் பெற்றோருக்கும் இதே தவிப்பு இருந்தது. பிற மொழிப் படங்களைக் கன்னடத்தில் பேசவைப்பதை, அதாவது மொழிமாற்றத்தை, கன்னடத் திரையுலகம் பல பத்தாண்டுகளாக எதிர்த்து நின்றது. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் அந்த எதிர்ப்பு முறையல்ல என்று தீர்ப்புச் சொன்னது. தன் பிள்ளை தன் மொழியில் சிரிப்பதைப் பார்க்க ஆசைப்படாத பெற்றோர் எந்த மொழியிலும் இல்லை.

கப்போர்டு மேல் ஒட்டிய படங்கள்

வேலைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நசுங்கும் அப்பாவைப் பற்றி அமெரிக்கர்களும் சொல்லியிருக்கிறார்கள். 1995 ஜனவரி 22 அன்று வந்த ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் அத்தியாயம் ஒன்று. குடும்ப ஆல்பத்தில் கடைக்குட்டி மேகியின் படம் ஒன்றுகூட இல்லையே என்று மூத்த பிள்ளைகள் கேட்க, அப்பா ஹோமர் கதை சொல்கிறார். கடனெல்லாம் தீர்ந்து, வெறுத்துப்போன அணுமின் நிலைய வேலையை உதறிவிட்டு, மனதுக்குப் பிடித்த பௌலிங் கூடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேருகிறார். அப்போதுதான் மூன்றாவது குழந்தை வரப்போவது தெரிகிறது. சம்பளம் போதாது. பழைய முதலாளியிடம் தவழ்ந்து போய்க் கேட்டு வேலையைத் திரும்ப வாங்குகிறார். அவர் உட்காரும் இடத்துக்கு எதிரே, இனி நீ என்றைக்கும் இங்கேதான் என்ற பொருளில் ஒரு பலகையை அடித்துவைக்கிறார் முதலாளி. மேகியின் படங்கள் எல்லாம் அந்தப் பலகையின் மேல் இருக்கின்றன. சில எழுத்துகளை மறைத்து ஹோமர் ஒட்டியிருக்கிறார். மீதி எழுத்துகளைக் கூட்டிப் படித்தால், அவளுக்காகச் செய் என்று வருகிறது.

ஆட்டோவின் கண்ணாடிக்கு மேல் மகளின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஒட்டியிருக்கும் ஓட்டுநரை ஸ்ரீராம்புரத்தில் யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. தையல் மெஷின் பக்கத்தில், பெயின்ட் டப்பா வைக்கும் கப்போர்டு மேல், போனின் முகப்பில். ஹோமரும் இவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் படம் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது என்பது அந்த மகளுக்குத் தெரியுமா? ஹோமரின் பிள்ளைகள் கேட்டார்கள், அவர் சொன்னார். நம் வீடுகளில் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. பாசத்தைச் சோறாகவும் ஃபீஸாகவும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வது நம் அப்பாக்களின் வழக்கம். கார்ட்டூனில் ஒரு அப்பா அதைச் சொல்லிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கும் ஒரு வழி திறக்கிறது.

வண்டி ஏறிப் போனவர்கள்

2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பாடம் போனுக்கு வந்தது. கடன் வாங்கியாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கினார்கள். பள்ளி திறந்தது, போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அந்த ஒரே அறை இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதில் இப்போது மூன்று திரைகள். பிள்ளை ஒரு மூலையில் ஷின்சான் பார்க்கிறது, அம்மா ஒரு போனில் சீரியல் பார்க்கிறார், அப்பா ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறார். காதில் இயர்போன். சுவருக்குச் சுவர் பத்தடிதான். ஆனால் யார் எதற்குச் சிரித்தார்கள் என்று மற்றவருக்குத் தெரியாது.

பிள்ளைகள் போனில் கெட்டுப்போகிறார்கள் என்றே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த 2001 படத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். அதில் காணாமல் போனவர்கள் பிள்ளைகளல்ல. பழைய பாட்டிலும் பழைய படத்திலும் மயங்கி, கூப்பிட்டால் திரும்பாமல் வண்டி ஏறிப் போனவர்கள் பெரியவர்கள். பிள்ளை தேடிக்கொண்டு போய்த்தான் அவர்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஸ்மார்ட்போன் பரவாத காலத்தில் எடுத்த படம் அது. இன்று பார்க்கும்போது முதுகு சில்லிடுகிறது.

மருத்துவர்கள் சொல்வது தெளிவாக இருக்கிறது. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பெரியவர் கூட இருந்து பார்க்கட்டும் என்பது இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் சிறு குழந்தைகளுக்கு இதே வரம்பைத்தான் வைத்தது. நேரக் கணக்கு எல்லோருக்கும் நினைவிருக்கிறது, கடைசி நிபந்தனையை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

பன்னிரண்டு மணி நேரம் ஆட்டோ ஓட்டிவிட்டு வருகிறவரிடம், எட்டு மணி நேரம் மெஷின் மிதித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறவரிடம் இதைக் கேட்பது கடினம்தான். அவர்களுக்கு உடம்பில் தெம்பு இல்லை என்பது உண்மை. ஆகவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஷின்சானின் ஒரு கதை ஏழு நிமிடம்தான், அரை மணி நேரத்தில் மூன்று கதை வந்துவிடும். இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இயர்போனைக் கழற்றச் சொல்லி, பிள்ளையோடு ஒரே ஒரு கதையைப் பாருங்கள். யார் யார் என்று பிள்ளையிடமே கேளுங்கள், அது சந்தோஷமாகச் சொல்லும். ஹாரி வேலையிலிருந்து திரும்பும் காட்சி வந்தால், இன்றைக்கு நீங்கள் எங்கே போனீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.